தொழில்நுட்பச் செய்தி வந்தால் எங்களுக்கு என்ன? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பியூட்டர் திருத்தும் கடைகளிலும், ரியூசன் வகுப்பு வாசலிலும், வெளிநாட்டுச் சொந்தங்களோடு வாட்ஸ்அப்பில் கதைக்கும்போதும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகள் இவை. பதில்களில் எங்கள் கருத்தும் கலந்திருக்கிறது. எந்த அளவை வைத்து அந்தக் கருத்துக்கு வந்தோம் என்பதையும் கூடவே எழுதியிருக்கிறோம். ஒத்துவராதவர்கள் கணக்கைப் பார்த்துத் தாங்களே முடிவெடுக்கலாம்.

தினமும் இத்தனை செய்தி வருகுதே, எதைக் கவனிக்க வேணும்?

முதலில் திகதியைத் தேடுங்கள். "இந்த நாளோடு ஆதரவு நிற்கும்", "இந்தப் பதிப்பில் ஓட்டை, உடனே அப்டேட் செய்யவும்" என்று இருந்தால் அது உங்கள் வீட்டுக்கு வந்த செய்தி. அந்தக் கிழமையே ஏதாவது செய்யவேண்டும். "அடுத்த ஆண்டு வரப்போகிறது", "உலகத்தையே மாற்றும்" என்று மட்டும் இருந்தால், பொருள் கடைக்கு வந்தபிறகு படித்தாலும் ஒரு நட்டமும் இல்லை. திகதியும் இல்லாமல், மொடல் பெயரும் இல்லாமல் வருகிற செய்தியை வைத்து ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

விண்டோஸ் 10 முடிந்துவிட்டதாம். என்ர லாப்டாப்பை எறியிறதோ?

எறியவேண்டாம். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட்டுகள் நின்றன. அதற்காகக் கணினி நின்றுவிடாது. அன்றைக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் தானாக அடைபடாது என்பதுதான் பொருள். ஒரு ஓட்டை விண்டோஸ் 11இல் அடைக்கப்படும்போது, அதே ஓட்டை பழையதில் எங்கே இருக்கிறது என்பதையும் திருடன் அந்த அப்டேட்டைப் பார்த்தே அறிந்துகொள்கிறான். நாள் போகப் போக ஆபத்து கூடுவது இதனால்தான்.

முதலில் புரொசசர் எண்ணைப் பாருங்கள். இன்டெல் ஐ5-7200 என்றால் ஏழாம் தலைமுறை, ஐ5-8250 என்றால் எட்டாம் தலைமுறை. எண் 1இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைச் சேர்த்துப் படிக்கவேண்டும்: 1035 பத்தாம் தலைமுறை, 1135 பதினோராம் தலைமுறை. விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி (ஏழாவதில் மிகச் சில விதிவிலக்குகள் உண்டு). அதோடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் வேண்டும். மைக்ரோசொப்டின் "பிசி ஹெல்த் செக்" என்ற சிறு செயலி இதையெல்லாம் பார்த்துச் சொல்லும். எட்டாம் தலைமுறையாக இருந்தும் "தகுதியில்லை" என்று வந்தால், அநேகமாக டிபிஎம் அல்லது செக்கியூர் பூட், பயோஸில் (விண்டோஸுக்கு முன் திறக்கும் செற்றிங்ஸ்) அணைக்கப்பட்டிருக்கும். அதைப் போட்டுவிட்டால் சரி. இதைப் பார்க்காமலே புது லாப்டாப் வாங்கச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஏழாம் தலைமுறையும் அதற்குக் கீழும் என்றால் இரண்டு வழி. ஒன்று, மைக்ரோசொப்டின் நீட்டிப்புத் திட்டம். தனிநபர் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருந்துகொண்டு, மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து, செற்றிங்ஸைக் கணக்கோடு ஒத்திசைத்தால் பணம் இல்லை. விரும்பாதவர்களுக்கு 30 டொலர். இது மூச்சு வாங்க ஒரு வருடம், அவ்வளவுதான்.

மற்றது, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட். எங்கள் பரிந்துரை இதுதான். 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் எழுதி, நிறுவாமலே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கிறதா என்று அரைமணி நேரம் பார்த்தபிறகு நிறுவலாம். 22ஆம் வரிசைப் பதிப்புகளுக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பழைய சுழல்தட்டு ஹார்ட் டிஸ்க் இருந்தால் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள். நொடிக்கு 100 எம்பி அளவில் படித்தது 500ஐத் தாண்டும். அந்த லாப்டாப்பின் வேகத்துக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. விண்டோஸிலேயே ஓடும் கணக்கு மென்பொருளோ வங்கி வேலைக்கான மென்பொருளோ உங்களுக்குக் கட்டாயம் என்றால் மின்டுக்கு மாறாதீர்கள்.

ரேம் விலை ஏன் இப்படி ஏறியது?

உலகத்துக் கணினி நினைவகத்தில் பெரும்பகுதியைச் செய்வது மூன்றே கொம்பனிகள்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். ஏஐ தரவுமையங்களுக்கு வேண்டிய எச்பிஎம் என்ற அடுக்கு நினைவகத்தில் இவர்களுக்கு இலாபம் அதிகம். அதே கொள்ளளவுக்கு அது லாப்டாப்புகளில் போடும் சாதாரண டிடிஆர்5 ரேமைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிலிக்கன் தட்டு விழுங்குகிறது. எனவே எங்கோ ஒரு ஏஐ மையத்துக்குப் போகும் ஒவ்வொரு ஜிபியும் எங்கள் லாப்டாப்புகளுக்கு வரவேண்டிய மூன்று ஜிபியைக் குறைக்கிறது. 2025 டிசம்பரில் மைக்ரான், பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது.

இதில் எங்களுக்குக் கோபம் உண்டு. கடன்பட்டுப் பிள்ளைக்கு லாப்டாப் வாங்கும் குடும்பம், தான் பயன்படுத்தாத ஒன்றுக்கும் சேர்த்துப் பணம் கட்டுகிறது.

வாங்கும்போது "பிறகு ரேம் போடலாம்" என்று கடையில் சொன்னால், டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்போமன்ஸ், மெமரி என்று போய் "ஃபோர்ம் ஃபக்டர்" வரியைப் பாருங்கள். "சோடிம்" என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். "ரோ ஒஃப் சிப்ஸ்" என்றிருந்தால் போர்டோடு ஒட்டியது. அதற்கு ஒருநாளும் கூட்டமுடியாது. அப்படியானதை 8 ஜிபியில் வாங்கவேண்டாம். டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் வெட்டுக்குழி வேறு வேறு இடத்தில் இருக்கும். ஒன்று மற்றதில் ஏறாது. அழுத்தி ஏற்றப்போய் சொக்கெட்டை உடைத்தால் போர்டே போய்விடும்.

"ஏஐ பிசி" என்று கூடின விலைக்கு விற்கிறார்கள். வேணுமோ?

வேண்டாம். இப்படியான கணினிகளுக்கு மைக்ரோசொப்ட் தரும் கோபைலட் பிளஸ் என்ற முத்திரைக்கு நொடிக்கு 40 இலட்சம் கோடி கணக்குகள் போடும் தனிச் சிப், 16 ஜிபி ரேம், 256 ஜிபி இடம் ஆகியவை தேவை. ஆனால் சட்ஜிபிடி போன்றவை இணையத்தின் மறுபக்கத்தில் ஓடுகின்றன. பத்து வருடப் பழைய லாப்டாப்பிலும் அதே பதில்தான் வரும். அந்த முத்திரையில் உங்களுக்கு உண்மையில் பயன் தருவது 16 ஜிபி ரேம்.

அண்ணா கனடாவிலிருந்து போனும் லாப்டாப்பும் அனுப்புகிறார். என்ன சொல்லிவிட வேணும்?

யாழ்ப்பாணத்தில் இதுவே மிக அதிகம் கேட்கப்படும் கேள்வி. பிழை நடப்பதும் இங்கேதான், அதுவும் பொருள் வந்து சேர்ந்தபிறகு.

பூட்டு இரண்டு விதம். ஒன்று சிம் பூட்டு. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதலும், பிரித்தானியாவில் 2021 டிசம்பர் 17 முதலும் பூட்டிய போன் விற்கத் தடை. ஆகவே அங்கிருந்து வரும் அண்மைய போன்கள் பெரும்பாலும் திறந்தவை. அமெரிக்காவில் அப்படியில்லை, தவணைப் பணம் முடியாத போனில் எங்கள் சிம் ஏறாது.

மற்றது கணக்குப் பூட்டு, மோசமானது இதுதான். அண்ணா தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, "ஃபைன்ட் மை"யை அணைத்து, அதன்பிறகு போனில் உள்ளதையெல்லாம் அழித்துத் துடைக்கவேண்டும். அண்ட்ராய்டிலும் முதலில் கூகுள் கணக்கை அகற்றிவிட்டே துடைக்கவேண்டும். வரிசை மாறினால் இங்கே திறக்கும்போது அவருடைய கடவுச்சொல்லைக் கேட்கும். அவர் அங்கே விழித்திருக்கும் நேரம் பார்த்துத் தொலைபேசி எடுக்கவேண்டியதுதான். அவருக்கே மறந்துபோயிருந்தால் போன் வெறும் கண்ணாடித் துண்டு.

சிம் துவாரம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் வரிசையிலிருந்தே துவாரம் கிடையாது; ஐபோன் 17இல் கனடாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அவற்றுக்குப் போனுக்குள்ளேயே இருக்கும், கழற்றமுடியாத இ-சிம் மட்டும்தான். டயலொக், மொபிட்டல் இரண்டிலும் இ-சிம் எடுக்கலாம். ஆனால் அம்மாவின் பழைய பட்டன் போனுக்கும் இதற்குமாக சிம்மை மாற்றி மாற்றிப் போடும் வழக்கம் இருந்தால் இந்த மொடல் சரிவராது.

மின்சாரம்: கனடாவில் 120 வோல்ட், எங்களிடம் 230. சார்ஜரின் முதுகில் "100–240" என்று இருந்தால் பயமில்லை, பிளக் மாற்றி போதும். லாப்டாப், போன் சார்ஜர்கள் எல்லாம் அநேகமாக அப்படித்தான். லேசர் பிரிண்டர், முடி உலர்த்தி, மிக்சி பெரும்பாலும் அப்படியல்ல. 120 மட்டும் எழுதியிருப்பதைச் செருகினால் அந்தக் கணமே புகையும். விமானத்தில் பவர்பாங்கைப் பெட்டிக்குள் போடக்கூடாது, கைப்பையில்தான் கொண்டுவரவேண்டும், 100 வாட்-மணிக்குள் இருக்கவேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, பிரச்சினையில்லை.

பாவித்த ஐபோன் என்றால் பற்றரியின் உச்சக் கொள்ளளவு 80 வீதத்துக்குக் கீழே போயிருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். போயிருந்தால் அங்கேயே மாற்றிவிட்டு அனுப்புவது நல்லது. எங்கள் வெயிலில் அது இன்னும் விரைவாக இறங்கும்.

(உள்ளூர்க் கடையில் புதுப் போன் வாங்குவோர்: நட்சத்திரம், சதுரக்குறி, 06, சதுரக்குறி அழுத்தினால் 15 இலக்க எண் வரும். குறுஞ்செய்தியில் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 1909க்கு அனுப்பி, பதிவான போன்தானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.)

எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதைப் பார்த்து வாங்குவது அவசியமோ?

கமராவின் மெகாபிக்சலைவிட அவசியம். 2023இல் கூகுள் பிக்சல் 8க்கும், 2024இல் சாம்சங் கலக்ஸி எஸ்24க்கும் ஏழு வருடம் அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். விலை குறைந்த கலக்ஸி ஏ16க்கு ஆறு வருடம். போன் விலையை மிஞ்சியிருக்கும் அப்டேட் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். 60,000 ரூபாய்ப் போனுக்கு இரண்டு வருடம் என்றால் வருடத்துக்கு 30,000. 90,000 ரூபாய்ப் போனுக்கு ஆறு வருடம் என்றால் 15,000. வருடங்கள் எண்ணப்படுவது போன் உலகச் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. மூன்று வருடப் பழைய மொடலைப் "புதுசு" என்று வாங்கினால் அந்த மூன்று வருடமும் போனதுதான்.

ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே. ஃபைபரை வெட்டிவிட்டு மாறலாமோ?

உங்கள் ஒழுங்கைக்கு ஃபைபர் வந்திருந்தால் மாறவேண்டாம். ஸ்டார்லிங்க் என்ற செய்மதி இணையம் 2025 ஜூலையில் இலங்கையில் சேவையைத் தொடங்கியது. பழைய செய்மதி இணையம் 35,786 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வந்தது. இது 550 கிலோமீற்றர் அளவிலிருந்து வருவதால் வீடியோ அழைப்பில் குரல் பிந்தாது. நல்ல தொழில்நுட்பம்தான். நெடுந்தீவு போன்ற இடங்களில், கம்பி வராத தோட்டக்காணிகளில், கடலோர வாடிகளில் அது பெரிய உதவி.

பட்டணத்து வீட்டுக்கு ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், முதலாவது மின்சாரக் கணக்கு. ஸ்டார்லிங்கின் வழமையான தட்டு (டிஷ்) 75 முதல் 100 வாட் எடுக்கும். 75 என்றே வைத்தாலும் ஒரு நாளுக்கு 1.8 அலகு, மாதத்துக்கு 54 அலகு. ஃபைபர் ரவுட்டர் 12 வாட் அளவில், மாதத்துக்கு 9 அலகுக்கும் குறைவு. எங்கள் மின்கட்டணம் 60, 90 அலகு என்று படிப்படியாக ஏறுவது. 50 அலகு பாவிக்கும் வீடு இந்த ஒரு தட்டால் 90ஐத் தாண்டி இரண்டு படி மேலே போய்விடும். சிறிய "மினி" தட்டு 25 முதல் 40 வாட். சூரியப் படலில் ஓட்டுவோருக்கு அதுவே பொருத்தம்.

இரண்டாவது பனையும் தென்னையும். தட்டுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்கவேண்டும். செய்மதிகள் ஓடிக்கொண்டே இருப்பதால், ஓலை மறைக்கும் பக்கத்தில் ஒன்று போகும்போதெல்லாம் சில நொடி இணைப்பு அறும். யூடியூப் பார்ப்பவருக்கு அது தெரியாது. சூம் வகுப்பில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியும். பணம் கட்டமுன் ஸ்டார்லிங்க் செயலியை இறக்கி, கூரையில் ஏறி, அதிலுள்ள தடை பார்க்கும் வசதியால் வானத்தைச் சுற்றிப் படம் எடுத்துப் பாருங்கள். மாரியில் மழை அடித்து ஊற்றும்போதும் சிறிது நேரம் போய்வரும்.

கரண்ட் போனால் இணையமும் போகிறது என்பதற்காகவே மாற நினைப்பவர்களுக்கு: ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் சிறு யூபிஎஸ் போதும். 2,000 எம்ஏஎச் பற்றரி மூன்று கொண்டது 22 வாட்-மணி. இழப்புப் போக ஒன்றரை மணி நேரம் தாங்கும். ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் இரண்டும் பொருந்துகிறதா, பிளக்கின் நடு ஊசி கூட்டலா கழித்தலா என்று பார்த்து வாங்குங்கள். 9 வோல்ட் ரவுட்டரில் 12ஐச் செருகியதால் எரிந்தவை நிறைய.

டீப்சீக் வெறும் 60 இலட்சம் டொலரில் ஏஐ செய்தது என்றார்களே, உண்மையோ?

எண் உண்மை, தலைப்பு பிழை. டீப்சீக் என்ற சீனக் கொம்பனி தன் வி3 மொடலுக்கு வெளியிட்ட அறிக்கையில் கணக்கு இப்படி இருக்கிறது: எச்800 என்ற ஏஐ சிப்கள் 27.88 இலட்சம் மணிநேரம் ஓடின, மணிக்கு 2 டொலர் வாடகை, ஆக 55.76 இலட்சம் டொலர். இது கடைசிப் பயிற்சி ஓட்டத்துக்கு மட்டும். முன்னர் செய்த ஆய்வுகளும், தரவு முதலியவற்றில் செய்த பரிசோதனைகளும் இதில் சேரவில்லை என்று அதே அறிக்கையிலேயே எழுதியிருந்தார்கள். கலியாணச் செலவைச் சமையல் எரிவாயு பில்லை வைத்துச் சொன்னதுபோல அது உலகம் முழுக்கப் பரவி, 2025 ஜனவரி 27 அன்று ஏஐ சிப் செய்யும் என்விடியாவின் சந்தை மதிப்பு ஒரே நாளில் 590 பில்லியன் டொலர் அளவில் சரிந்தது. எங்கள் மதிப்பீட்டில் டீப்சீக் செய்தது பெரிய காரியம்தான். சிக்கனமாகச் செய்யலாம் என்று காட்டி, மொடலையும் எவரும் இறக்கிக்கொள்ளும்படி வெளியிட்டார்கள். தவறு எண்ணை வெட்டி எடுத்துப் போட்டவர்களுடையது.

ஏஐயைத் தமிழில் நம்பி எழுதக் குடுக்கலாமோ?

கடிதத்தின் வடிவத்துக்குக் கொடுக்கலாம். சொற்களை நீங்கள் பார்க்கவேண்டும். அது படித்த தமிழில் பெரும்பகுதி தமிழ்நாட்டுத் தமிழ். பிரதேச செயலகத்துக்குக் கடிதம் கேட்டால் "வட்டாட்சியர் அலுவலகம்" என்று வரலாம், கிராம அலுவலர் "கிராம நிர்வாக அலுவலர்" ஆகலாம், திகதி "தேதி" ஆகும். கேட்கும்போதே "இலங்கை நிர்வாகச் சொற்களைப் பயன்படுத்து" என்று எழுதி, சரியான பதவிப் பெயர்களை நீங்களே கொடுத்துவிட்டால் பாதிப் பிழை குறையும். ல, ள, ழ மூன்றையும் கடைசியில் ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

அதைவிடப் பெரிய தடை பாமினி. எங்கள் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பல வருடமாகச் சேர்ந்த கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அதில் "தமிழ்" என்று கண்ணுக்குத் தெரிவது, கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. கூகுளுக்கும் ஏஐக்கும் அது பொருளில்லாத ஆங்கிலம். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடில் "தமிழ்" என்பது த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என்று ஐந்து தமிழ்க் குறிகளாகவே இருக்கும்.

சோதிப்பது எளிது. பிடிஎஃபிலிருந்து ஒரு வரியைப் பிரதி எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். ஆங்கில எழுத்துக் குப்பை வந்தால் அது பாமினி. மாற்றிகள் இணையத்தில் இலவசம். ஆனால் பந்திக்குள் உண்மையான ஆங்கிலச் சொல்லோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால் அதையும் தமிழாக்கிவிடும். அவற்றை முதலே பிரித்து வையுங்கள். விரல் பாமினிக்குப் பழகிவிட்டது என்பவர்கள் இ-கலப்பை போட்டால், அதே விசைகளை அழுத்தி யூனிகோடிலேயே எழுதலாம். பழைய பாடசாலை மலர்களையும் கோயில் மலர்களையும் இப்போதே மாற்றி வையுங்கள். அந்த எழுத்துருவும், பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரும் ஓடும் கடைசிக் கணினி நின்றபிறகு இந்த வேலை பல மடங்கு கடினமாகும்.

1,600 கோடி கடவுச்சொல் கசிந்ததாம். எல்லாத்தையும் மாத்திறதோ?

2025 ஜூனில் வந்த அந்தச் செய்தியில் கூகுளோ ஆப்பிளோ உடைக்கப்படவில்லை. தனிமனிதர்களின் கணினிகளிலிருந்து கடவுச்சொல் திருடும் மென்பொருள்கள் அள்ளியவையும், பழைய கசிவுகளும், ஒன்றே பலமுறை வந்தவையும் சேர்ந்த குவியல் அது. அப்படித் திருடும் மென்பொருள் வீட்டுக்குள் வரும் வழி அநேகமாக "க்ராக்" போட்ட ஒஃபிஸ், போட்டோஷொப், கேம். பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களை அது ஒரு நிமிடத்தில் எடுத்துப் போய்விடும். தொற்றிய கணினியிலிருந்தே கடவுச்சொல்லை மாற்றினால் புதியதும் போகும். முதலில் விண்டோஸைத் துடைத்து நிறுவுங்கள், வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள், பிறகு "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதை அழுத்துங்கள்.

எங்கள் ஊரில் இதைவிட அதிகம் நடப்பது வாட்ஸ்அப் திருட்டு. தெரிந்தவரின் பெயரில் வந்து ஆறு இலக்க எண்ணைக் கேட்பார்கள். கொடுத்தவுடன் உங்கள் பெயரில் வெளிநாட்டுச் சொந்தங்களிடம் காசு கேட்பார்கள். செற்றிங்ஸில் அக்கவுன்ட், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் என்று போய் ஒரு பின் எண் இன்றே போடுங்கள். ஏற்கனவே போய்விட்டதென்றால் உங்கள் எண்ணால் உடனே திரும்பப் பதிவு செய்யுங்கள், திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் பின் போட்டிருந்தால் நீங்கள் நுழைய ஏழு நாள் பொறுக்கவேண்டும். அதற்குள் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் சாதாரண அழைப்பில் சொல்லிவிடுங்கள்.

ஒரு அப்டேட்டால் விமான நிலையங்களே நின்றனவே. அப்ப அப்டேட்டை நிப்பாட்டி வைக்கலாமோ?

2024 ஜூலை 19, இலங்கை நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கொம்பனி அனுப்பிய ஒரு கோப்பு அது. 21 உள்ளீடு எதிர்பார்த்த இடத்தில் மென்பொருள் 20தான் கொடுத்தது. இல்லாத 21ஆவதைப் படிக்கப்போய், விண்டோஸின் கருவுக்குள்ளேயே ஓடும் நிரல் என்பதால் கணினியே விழுந்தது. 78 நிமிடத்தில் திருப்பி எடுத்தார்கள், அதற்குள் 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை. அது பெரிய நிறுவனங்கள் வாங்கும் மென்பொருள், வீட்டுக் கணினிகளில் இல்லை. அப்டேட்டை நிறுத்தவேண்டாம், வேலை நடுவில் வராதபடி ஒரு கிழமை தள்ளிவைத்தால் போதும்.

அன்று பலர் சிக்கியது வேறிடத்தில். கோப்பை அழிக்க உள்ளே போனால், டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் கணினி கேட்டது. பலரிடம் அது கையில் இல்லை. இப்போது விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்தாலே இந்தப் பூட்டு தானாக விழுகிறது. பயோஸ் அப்டேட் செய்தாலோ போர்டு மாற்றினாலோ அதே கேள்வி உங்களிடமும் வரும். எண் எந்தக் கணக்கால் நிறுவினார்களோ அந்தக் கணக்கில் இருக்கும். கடையில் தங்கள் மின்னஞ்சலைப் போட்டு நிறுவியிருந்தால், உங்கள் படங்களுக்கும் ஆவணங்களுக்கும் திறப்பு கடைக்காரரின் கணக்கில் கிடக்கிறது. நிறுவும்போது பக்கத்தில் இருந்து உங்கள் கணக்கையே போடுவியுங்கள். பிறகு இணையத்தில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் எண்ணைப் பார்த்து, அதன் அடையாளத்தின் முதல் எட்டு எழுத்தோடு சேர்த்துத் தாளில் எழுதி, காணி உறுதி இருக்கும் பெட்டிக்குள் வையுங்கள். போனில் படம் எடுத்து அந்த லாப்டாப்புக்குள்ளேயே போட்டு வைத்தால், தேவைப்படும் நாளில் அதையும் திறக்கமுடியாது.